சிசுவின் மூளையும் பெற்றோரின் சம்மதமும்

பிரசவ வேளையில் நஞ்சு முன்கூட்டியே பிரிந்துவிடுவதாலோ, தொப்புள்கொடி நசுங்குவதாலோ பிராணவாயு தடைப்பட்டு, அழாமலே பிறக்கும் சிசுவின் மூளை அந்தக் கணத்திலேயே முற்றிலும் அழிந்துவிடுவதில்லை. சில மணி நேரம் சற்றே தெளிந்திருந்து, அதன் பின்னரே உயிரணுக்கள் இரண்டாம் முறையாக மடியத் தொடங்குகின்றன. மருத்துவர்கள் நம்பிக்கை வைத்திருப்பது அந்த இடைவேளையின் மேல்தான். பிரசவ அயர்ச்சியிலிருந்து தாய் மீளாமலும், தகப்பன் கலங்கி நின்றுகொண்டும் இருக்கும் அதே வேளையில்தான், புதிய சிகிச்சையொன்றைச் சோதிக்கச் சம்மதம் தருவீர்களா என்ற கேள்வியும் அவர்கள் முன் வைக்கப்படுகிறது.

பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, 72 மணி நேரம் சிசுவின் உடலை 33.5 டிகிரி செல்சியஸ் அளவில் குளிர்வித்து வைப்பது செல்வ நாடுகளில் நிலைபெற்றுவிட்ட சிகிச்சை. அங்கே பலன் தந்தது இங்கும் தரும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் சென்னை மருத்துவக் கல்லூரி உட்பட இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் 7 மருத்துவமனைகளில் 408 சிசுக்களைக் கொண்டு நடந்த 'ஹீலிக்ஸ்' ஆராய்ச்சியின் முடிவு 2021இல் வெளிவந்தபோது, குளிர்விக்கப்பட்ட சிசுக்களில் 42 சதவீதமும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவற்றில் 31 சதவீதமும் இறந்திருந்தமை தெரியவந்தது. இதைக் கேட்டுச் சோதனையே கூடாது என்று சொல்வோர் உண்டு. நானோ இதிலிருந்தே சோதனையின் அவசியத்தை உணர்கிறேன். முறையாக ஒப்பிட்டுப் பாராமல் இச்சிகிச்சையை ஊர்தோறும் பரப்பியிருந்தால், அந்த மரணங்களை நோயின் கொடுமை என்றே எண்ணி அனைவரும் மனம் தேற்றிக்கொண்டிருப்பார்கள்.

மருந்துகளின் கதையும் இத்தகையதே. இரத்தசோகைக்குத் தரப்படும் எரித்ரோபாய்ட்டின், மூளையையும் காக்கும் என்ற எதிர்பார்ப்போடு அமெரிக்காவில் குளிர்சிகிச்சையுடன் சேர்த்து 500 சிசுக்களிடம் சோதிக்கப்பட்டது. 2022இல் வெளியான முடிவின்படி பலன் இல்லை, கடுமையான பாதகங்களே மிகுந்தன. வலிப்பை அடக்க ஐரோப்பாவில் பூமெட்டனைடு கொடுத்துப் பார்த்த சோதனையோ, செவித்திறன் குறைவு காணப்பட்டதால் நடுவிலேயே நிறுத்தப்பட்டது.

ஆகவே, 'புதிய மருந்து' என்ற சொல்லை 'மேலான மருந்து' என்று பெற்றோர் பொருள்கொள்ளலாகாது. இந்தியாவில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள், 2019, அவர்களுக்குத் தெளிவான பாதுகாப்பு அளிக்கின்றன. விவரங்களைத் தமக்குப் புரியும் மொழியில் கேட்டறியலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் பெறுகையில், சோதனையோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். சம்மதத்தை எப்போது திரும்பப் பெற்றாலும் வழக்கமான சிகிச்சை குறையக்கூடாது. சிசுவுக்குக் கிடைக்கப்போவது மருந்தா, ஒப்பீட்டுக்கான போலி மருந்தா, அதை முடிவு செய்வது குலுக்கலா என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. சோதனை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும், சோதனையே காரணமென்று நிர்ணயிக்கப்பட்டால் நஷ்டஈடும் உண்டு. முறையீட்டை அந்தச் சோதனைக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவிடம் முதலிலும், பிறகு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியிடமும் எழுத்தில் கொடுக்கலாம். கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தின் பிரதியையும் தகவல் தாளையும் அன்றே கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது இதற்கெல்லாம் அடிப்படை. ஏனெனில் மூளையின் சேதம் கழுத்து நிற்பதிலும், உட்காருவதிலும், நடப்பதிலும் தாமதமாகப் பல மாதங்கள் கழித்தே வெளிப்படுவதுண்டு.