ஈரத்தைத் தடுப்பது தடிமன் மட்டுமல்ல

பிஸ்கட் நமத்துப்போனால் உறை மெலிந்தது என்று பழி சொல்கிறோம். உறை எந்தப் பாலிமரால் ஆனது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான். ஓட்டையே இல்லாத பிளாஸ்டிக் தாளுக்குள்ளும் நீராவி நுழையும். நீர் மூலக்கூறு முதலில் தாளில் கரைகிறது. பிறகு சங்கிலிகளுக்கு இடையிலான இடைவெளிகளில் தாவித் தாவி மறுபக்கம் வெளியேறுகிறது. எவ்வளவு கரைகிறது, எவ்வளவு விரைவாக நகர்கிறது என்ற இரண்டின் பெருக்கல்தான் ஊடுருவல்.

செல்லோபேன் இதற்கு நல்ல சான்று. அதன் செல்லுலோஸ் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டவை. எண்ணெய்ப் பசையை நன்றாகவே தடுக்கும். ஆனால் சங்கிலி நெடுகிலும் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரை ஈர்ப்பதால் ஈரம் எளிதில் கடந்துவிடும். 1927இல் டூபாண்ட் நிறுவனத்தின் வில்லியம் ஹேல் சார்ச் குழுவினர் தாளைத் தடிமனாக்கவில்லை. நைட்ரோசெல்லுலோஸும் மெழுகும் கலந்த மெல்லிய பூச்சைத் தடவித் தீர்வு கண்டார்கள். பாலித்தீனிலோ கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. நீர் அதில் கரைவதே அரிது. அதிலும் அடர்த்தி குறைந்த வகையில் கிளைகள் அதிகம், சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள முடியாது. கிளை குறைந்த அடர் வகையில் படிகப் பகுதி கூடுகிறது. படிகத்துக்குள் நீர் புகாது, சுற்றித்தான் போக வேண்டும். அதனால் அதே தடிமனில், அடர்த்தி குறைந்த வகையில் கடப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீராவியே கடக்கிறது.

தடிமனை இரட்டித்தால் கடக்கும் நீராவி பாதியாகுமே என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே தடிமனில் நைலானுக்கும் அடர் பாலித்தீனுக்கும் உள்ள வேறுபாடு பல பத்து மடங்கு. அதைத் தடிமனால் ஈடுகட்டப் பார்ப்பது பிளாஸ்டிக்கை வீணடிப்பது. மேலும், நீரை உறிஞ்சும் பாலிமரின் சங்கிலிகள் உப்பித் தளர்கின்றன. மழைக்காலத்தில், தடுப்பு மிகவும் தேவைப்படும்போதே அது பலவீனமாகிறது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் பாலித்தீனே போதாதா? போதாது. ஆக்சிஜன் அதில் தாராளமாகக் கடக்கும். வறுவலின் எண்ணெய் காறிப்போகும். ஆக்சிஜனைத் தடுக்கும் எத்திலீன் வினைல் ஆல்கஹாலோ ஈரம் பட்டால் திறனை இழக்கும். எனவே அதைப் பாலித்தீன் அடுக்குகளுக்கு நடுவே வைக்கிறார்கள். பல அடுக்கு உறைகளை மறுசுழற்சி செய்வது கடினம் என்ற எதிர்ப்பு நியாயமானது. அதற்கு விடையும் கட்டமைப்பில்தான் தேடப்படுகிறது: ஒரே குடும்பப் பாலிமரை இரு திசைகளிலும் இழுத்துச் சங்கிலிகளை வரிசைப்படுத்தினால் ஊடுருவல் குறைகிறது. வெப்பம் கூடினால் நீராவி விரைவாகக் கடக்கும் என்பதால், நம் கடலோர ஊர்களுக்கு உறை வாங்குவோர் மைக்ரான் அளவோடு நில்லாமல், 38 டிகிரி செல்சியஸ், 90 விழுக்காடு ஈரப்பதத்தில் அளந்த நீராவி ஊடுருவல் அளவையும் கேட்டு வாங்க வேண்டும்.