முதலில் நிறுத்தக் கற்போம்

பத்தாம் வகுப்பில் பயிலும் எங்களுக்கு இப்போது வயது 15. இன்னும் மூன்றே ஆண்டுகளில் ஓட்டுநர் உரிமம் பெறும் வயதை எட்டிவிடுவோம். மதிய உணவு வேளையில் டிபன் பாக்ஸைத் திறந்தால் பாதிப் பேச்சு இதைப் பற்றித்தான். எந்த நிறத்தில் ஸ்கூட்டி வாங்குவது, ஆக்ஸிலேட்டரை எப்படி முறுக்குவது, யாருடைய அண்ணன் கற்றுக்கொடுப்பார் என்றெல்லாம் பேசுகிறோம். ஓடும் வண்டியை எப்படி நிறுத்துவது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. வண்டி ஓட்டக் கற்பதில் முக்கால் பங்கு நிறுத்தக் கற்பதே என்பது எங்கள் துணிபு. அதையே இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

நம் காஞ்சி மாநகருக்கு இது புதிய பாடமன்று. வைகாசியில் வரதராஜப் பெருமாள் தேரும், பங்குனியில் ஏகாம்பரநாதர் தேரும் வீதியில் வரும்போது, எல்லாருடைய கண்களும் வடம் பிடிப்போர் மீதே இருக்கும். சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையைக் கையில் ஏந்தி நடப்பவர்களை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? இழுப்பதற்கு நூற்றுக்கணக்கானோர் உண்டு. நிறுத்துவதற்கோ ஒரு சிலரே. சரியான நொடியில் சரியான இடத்தில் கட்டையைச் சக்கரத்திற்கு அடியில் செருகினால் தேரின் வேகம் தணியும்; தெரு முனையில் திரும்பவும் செய்யும். இவ்வளவு பெரிய உதவி செய்யும் பொருளின் பெயரை, “நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறாள்” என்று வசைமொழியாக்கிவிட்டோமே! பாவம், அந்தக் கட்டை.

மோட்டார் வண்டியின் வரலாற்றிலும் பிரேக்கின் கதை ஒரு பெண்மணியோடு இணைந்தது. 1888 ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மனி நாட்டின் பெர்த்தா பென்ஸ் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரு மகன்களுடன் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். தொலைவு 100 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். மலைச் சரிவுகளில் மரத்தாலான பிரேக் தேய்ந்து போயிற்று. அம்மையார் கலங்கவில்லை. செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரைக் கொண்டு பிரேக் கட்டையின் மேல் தோலை அடித்துப் பொருத்தச் செய்தார். இன்று எல்லா வண்டிகளிலும் உள்ள பிரேக் லைனிங்குக்கு இதுவே முன்னோடி என்பர். துணிச்சலுக்காக அவரைப் பலரும் போற்றுகிறார்கள். எங்களுக்கோ, அந்தத் தோல் துண்டே அதிகம் பிடித்திருக்கிறது.

சரி, பிரேக் பிடித்தவுடன் வண்டி நின்றுவிடுமா? நில்லாது. ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. மீட்டரில் சொன்னால் மனத்தில் பதியாது. ஆகவே நம் ஊர் அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். ரவிக்கைத் துண்டை நீக்கிவிட்டால் ஒரு பட்டுப் புடவையின் நீளம் சுமார் ஐந்தரை மீட்டர். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருவதைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பற்றுவதற்கு ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், அந்த ஒரு விநாடியில் வண்டி ஒன்றரைப் புடவை தூரம் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு, உலர்ந்த நல்ல சாலையில், இன்னும் ஒரு புடவை தூரம். ஆக இரண்டரைப் புடவை. வேகம் 60 ஆனால்? கை பிரேக்கைத் தொடுமுன் மூன்று புடவை, தொட்ட பின் நான்கு புடவை, மொத்தம் ஏழு! வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று அறிவியல் பாடத்தில் மனப்பாடம் செய்தோமே, அது தேர்வுக்காக மட்டும் எழுதப்பட்டதன்று. மழை பெய்து சாலை நனைந்திருந்தாலோ மணல் படிந்திருந்தாலோ இந்தக் கணக்கும் போதாது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுபவருக்கு முதல் ஒரு விநாடி எத்தனை விநாடியாகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இப்போது நம் தெருக்களுக்கு வருவோம். முகூர்த்த நாட்கள் நெருங்கினால் காந்தி ரோட்டில் பட்டு வாங்க வெளியூரிலிருந்து வேனிலும் பஸ்ஸிலும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். அவர்கள் கண் கடைப் பலகையில் இருக்கும், சாலையில் இராது. கோயிலைச் சுற்றி வரும் யாத்திரிகர்களோ கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடியே ஒரு காலைச் சாலையில் வைப்பார்கள். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில், காலை வேளையில் பாவை நீளமாக விரித்துக் கட்டி இழைகளைச் சரிசெய்வதைக் காணலாம். ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு அந்தத் தெருவில் விரிந்து கிடக்கிறது. அங்கே ஹாரனை அலறவிடுவதால் என்ன பயன்? இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது, அல்லது அடுத்த தெரு வழியே சுற்றிச் செல்வதுதான் முறை. புதிதாகக் கற்பவர்கள் முன் சக்கரத்தையே பார்த்து ஓட்டுவார்களாம்; அது தவறு என்று பயிற்சி தருவோர் கூறுகின்றனர். பார்வை தொலைவில் இருக்க வேண்டும். இடையிடையே பக்கக் கண்ணாடிக்கு வந்து போக வேண்டும். கார் கண்ணாடியில் பொம்மையோ ஜெபமாலையோ தொங்கவிடுவோர் அது பார்வையை மறைக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பெண்களாகிய நமக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. பின்னால் அமர்ந்து செல்லும்போது முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால், கண் இமைக்கும் நேரத்தில் கழுத்தை இறுக்கிக் கீழே தள்ளிவிடும். இதற்காகவே மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தில் பாதியளவாவது மறைக்கும் காப்பு இருக்க வேண்டுமென்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு! முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளவும், துப்பட்டாவைப் பின்புறம் முடிந்துகொள்ளவும் அரை நிமிடம் போதும். தலைக்கவசமும் அப்படியே; ஓட்டுபவருக்கு மட்டுமன்று, பின்னால் அமர்பவருக்கும், நான்கு வயதைக் கடந்த குழந்தைக்கும் அது கட்டாயம். வாரைப் பூட்டாத தலைக்கவசம் விழும்போது தலையில் நில்லாது.

பெற்றோர்களே, அடுத்த பகுதி உங்களுக்கும் சேர்த்துத்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிறைந்தால்தான் உரிமம். 16 வயதில் ஓட்டலாமே என்று சிலர் வாதிடுவர். அது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். இன்று கடைகளில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேற்பட்டவை. 2019இல் வந்த திருத்தத்தின்படி, வயது வராத பிள்ளை குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் பெற நேரிடும். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அப்பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. “டியூஷனுக்குத்தானே, பக்கத்துத் தெருதானே” என்று சாவியைத் தரும் அப்பாக்கள் இதை அருள்கூர்ந்து இருமுறை படிக்கவும்.

வயது வந்த பின் முதலில் எல்.எல்.ஆர். பெற வேண்டும். அது 6 மாதங்கள் செல்லும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ எழுத்து வேண்டும். உரிமம் உள்ள பயிற்சியாளரைத் தவிர வேறு எவரையும் இருசக்கர வண்டியில் ஏற்றிக்கொள்ளலாகாது. தோழியைப் பின்னால் வைத்துக்கொண்டு பழகும் ஆசையை அப்போதைக்கு மறந்துவிட வேண்டியதுதான். குறைந்தது 30 நாட்கள் கழித்தே தேர்வு. கால் ஊன்றாமல் ‘எட்டு’ போட வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. மெதுவாக ஓட்டத் தெரியாதவரால் எட்டுப் போட முடியாது என்பதைக் கவனியுங்கள்.

பெண்களுக்கு இதெல்லாம் வருமா என்று கேட்போருக்கு ஒரு பெயர் சொல்வோம். கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி அவர்கள் 1993இல் தமிழக அரசுப் பேருந்தின் ஓட்டுநராகப் பணியில் சேர்ந்தார்.

அதுவரை நாங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. எங்களில் பலர் சைக்கிளில் பள்ளிக்கு வருகிறோம், அதிலேயே பழகலாம். சாலையில் வேண்டாம், மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். இரு பிரேக்குகளையும் சேர்த்து, பின் பிரேக்கைச் சற்று முந்திப் பிடித்து, முன் சக்கரம் சரியாகக் கோட்டின் மேல் நிற்கும்படி நிறுத்துங்கள். பிறகு சைக்கிள் வளையாமல் வலத்தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்த்துப் பழகுங்கள். இது சொல்வதைவிடக் கடினம். நன்கு கைவந்த பின், மழை விட்ட ஒரு மாலையில் அதே கோட்டில் மெதுவாக ஓட்டி நிறுத்தி, சக்கரம் எத்தனை அடி தள்ளிப் போய் நிற்கிறதென்று காலால் அளந்து பாருங்கள்.