எல்.இ.டி. விளக்கு இயக்கியில் பழுதுநேர ஒளிநிலை அமைத்தல்: ராஜபாளையம் வட்டாரச் சூழலில் ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்
மென்பொருளால் ஆளப்படும் எல்.இ.டி. விளக்கு, கட்டுப்பாட்டுத் தொடர்பு அறுந்தால் எந்த ஒளிநிலையில் நிற்க வேண்டும் என்பதை அதன் இயக்கியில் (டிரைவர்) முன்னரே பதிந்து வைக்கலாம். டாலி நெறிமுறையில் இப்பதிவு நிகழும் முறையையும் அதன் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இயக்கி, டாலி, பழுதுநிலை, மின்மீள்நிலை, நூற்பாலை

முன்னுரை
பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லை நிறுவினார். சோழபுரம் உள்ளிட்ட ராஜபாளையம் வட்டாரத்தில் நூற்பு இன்றும் முதன்மைத் தொழில்களுள் ஒன்று. நூற்பாலைகள் இரவிலும் இயங்குவன. சுழலும் கதிர்களுக்கிடையே தொழிலாளர் நடமாடும் கூடத்தில் ஒரு கம்பி அறுந்ததால் விளக்குகள் மங்குவது விபத்துக்கு வழிவகுக்கும்.

இருவகைப் பழுதுகள்
டாலி, ஐ.இ.சி. 62386 தரத்தால் வரையறுக்கப்பட்டது. இருகம்பித் தடம் ஒன்றில் 64 இயக்கிகள் வரை தனித்தனி முகவரியோடு இணையலாம். தடத்தின் இயல்பான மின்னழுத்தம் ஏறத்தாழ 16 வோல்ட். அது அரை நொடியளவு இல்லாதுபோனால் இயக்கி ‘பழுதுநிலை’ மதிப்புக்குச் செல்லும். மின்வழங்கல் நின்று மீளும்போது செல்வது ‘மின்மீள்நிலை’ மதிப்புக்கு. இவ்விரண்டையும் தனித்தனியே அமைத்தல் வேண்டும்.

பதியும் முறை
மதிப்பு 0 அணைப்பையும் 254 முழு ஒளியையும் குறிக்கும். 255 எனப் பதிந்தால், தடப்பழுதின்போது விளக்கு இருந்தபடியே இருக்கும். மின்தடை நீங்கியபின் முந்தைய ஒளிநிலைக்குத் திரும்பும். இடைப்பட்ட மதிப்புகள் மடக்கை அளவில் அமைந்தவை. 127 பாதி ஒளி அன்று. ஏறத்தாழ 3 விழுக்காடே. பாதி ஒளிக்கு 229 வேண்டும்.

மென்பொருள், மதிப்பை முதலில் இயக்கியின் தற்காலிகப் பதிவகத்தில் இடுகிறது. பின்னர்ச் சேமிப்புக் கட்டளையை 100 மில்லிநொடிக்குள் இருமுறை அனுப்புகிறது. ஒருமுறை மட்டும் வந்த கட்டளையை இயக்கி ஏற்பதில்லை. மின்னிரைச்சலால் தவறான பதிவு நேராமல் இது காக்கிறது. மதிப்பு அழியா நினைவகத்தில் தங்குவதால் கணினி நின்றுபோன பின்னும் செயற்படும்.

இடத்திற்கேற்ற தேர்வு
தரம் தரும் தொடக்க மதிப்பு இரண்டிற்கும் 254. நூற்புக் கூடத்திற்கு இது பொருந்தும். ஆனால் 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிப்புத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் விளிம்பில் நிற்கும் வெளிவிளக்கிற்குப் பொருந்தாது. அங்குத் தடம் அறுந்தால் இரவு முழுதும் முழு ஒளி காட்டுயிர்களை அலைக்கழிக்கும். ஏறத்தாழ 10 விழுக்காடு ஒளி தரும் 170 அங்கு ஏற்றது.

எல்லைகள்
கணினி முடங்கியும் தடத்தில் மின்னழுத்தம் நீடித்தால் இயக்கி அதனைப் பழுதாக உணராது. கடைசிக் கட்டளையிலேயே நிற்கும். விளக்குகளை 10 விழுக்காட்டுக்குத் தாழ்த்தியபின் கணினி முடங்கினால் பழுதுநிலை மதிப்பு உதவாது. எனவே கூடத்தில் கையால் இயக்கும் மாற்றுச் சாவியும் வேண்டும். மின்வழங்கலே நின்றால் மின்கல அவசரவிளக்கு தேவை. பழுதான இயக்கியை மாற்றும்போது புதியதில் பழைய பதிவுகள் இரா. மீண்டும் பதிதல் வேண்டும்.

முடிவுரை
பழுதுநேரப் பாதுகாப்பான ஒளிநிலை இடத்துக்கு இடம் வேறுபடும். எது பாதுகாப்பு என்பதை மென்பொருள் அறியாது. அவ்விடத்தில் பணியாற்றுவோரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். பதிந்தபின் மதிப்பைத் திரும்ப வினவிச் சரிபார்ப்பதோடு, எந்திரங்களை நிறுத்தி, தடக்கம்பியைக் கழற்றி விளக்கு நிற்கும் ஒளிநிலையை நேரில் காண்பதே முழுமையான சோதனையாகும்.