நேர் விமானமும் மாறி ஏறும் விமானமும்

2023 ஜூன் மாதம் பேத்தியைத் தொட்டிலில் போடும் நாளுக்காக நானும் என் மனைவியும் கல்கத்தாவிலிருந்து சீனாவின் குவாங்சோ நகருக்குப் புறப்பட்டோம். தொட்டில் போட்டு முடித்த மறுநாள்தான் போய்ச் சேர்ந்தோம். பாங்காக்கில் விமானம் மாறவேண்டியிருந்தது, மாற முடியவில்லை. முப்பது ஆண்டுகள் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். "ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்டுக் கொடுத்த மனுஷர்!" என்று என் மனைவி ஒரே ஒரு முறைதான் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது.

நம் சங்கத்தில் இன்று வெளிநாட்டில் பிள்ளையோ பெண்ணோ இல்லாத குடும்பம் குறைவு. "நேராகப் போய்க்கொண்டிருந்த விமானத்தை ஏன் நிறுத்தினார்கள்? இப்போது ஏன் மறுபடி விட்டிருக்கிறார்கள்?" என்று பலரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

குவாங்சோவையே எடுத்துக்கொள்வோம். கல்கத்தாவிலிருந்து அது சுமார் 2,500 கிலோமீட்டர். நேராகப் பறந்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம். 2019 அக்டோபரில் இண்டிகோ இந்த வழியில் நேர் விமானம் விட்டது. குன்மிங் நகருக்குச் சைனா ஈஸ்டர்ன் அதற்கும் பல ஆண்டுகள் முன்பிருந்தே பறந்துகொண்டிருந்தது. ஹாங்காங்குக்கு கேத்தே டிராகன் இருந்தது. 2020 தொடக்கத்தில் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. கேத்தே டிராகன் அந்த அக்டோபரில் கம்பெனியையே மூடிவிட்டது. இதற்கிடையே ஜூனில் கல்வானில் இரு நாட்டுப் படைகளும் மோதின. நோய் தணிந்து சீனா கதவைத் திறந்த பிறகும் இந்திய, சீன நகரங்களுக்கிடையே நேர் விமானம் பறக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல், பக்கத்து நாட்டுக்குப் போக மூன்றாவது நாடு ஒன்றைச் சுற்றிக்கொண்டு போனோம்.

பயணிகள் இல்லாததால் நின்ற வழி அல்ல அது. இந்த இடத்தில்தான் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. பஸ் விடப் பெர்மிட் வேண்டும் என்பதுபோல, அயல்நாட்டுக்கு விமானம் விட இரண்டு அரசாங்கங்களின் சம்மதம் வேண்டும். 1944 டிசம்பரில் சிகாகோவில் நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தத்தின்படி, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வானத்தின்மேல் முழு உரிமை உண்டு. ஆகவே எந்தக் கம்பெனி, எந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை முறை என்பதை இரு நாடுகளும் பேசி முடிவு செய்கின்றன. இந்த உரிமைகளுக்கு எண் போட்டு வைத்திருக்கிறார்கள். தன் நாட்டிலிருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு போவது மூன்றாவது உரிமை. அங்கிருந்து தன் நாட்டுக்கு ஏற்றி வருவது நான்காவது. ஐந்தாவதுதான் சுவாரசியமானது: தன் ஊரில் கிளம்பிய விமானம், வழியில் ஓர் அந்நிய ஊரில் இறங்கி, அங்கே புதிதாக ஆள் ஏற்றிக்கொண்டு இன்னோர் அந்நிய ஊருக்குப் போவது. ஏர் இந்தியா பல ஆண்டுகள் டெல்லியிலிருந்து ஹாங்காங் போய், அங்கிருந்து சியோல் போனது. ஹாங்காங்வாசி ஒருவர் இந்தியாவையே பார்க்காமல் ஏர் இந்தியாவில் சியோலுக்குப் போகலாம்!

இப்படி ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு போவதுதான் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. நமது டம்டம் அப்படித்தான் பெயர் வாங்கியது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து பட்டாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, போன கே.எல்.எம். இங்கே இறங்கியது. லண்டனிலிருந்து கிழக்கே போன இம்பீரியல் ஏர்வேஸ் இறங்கியது. 1947 ஜூனில் பான் ஆம் தொடங்கிய உலகைச் சுற்றும் விமானமும் கல்கத்தாவைத் தொட்டுக்கொண்டுதான் போனது. அன்றைய விமானங்களால் அதற்குமேல் நிற்காமல் பறக்க முடியாது என்பதுதான் காரணம். நம் ஊரின்மேல் தனிப் பிரியம் ஒன்றுமில்லை. நீண்ட தூரம் பறக்கும் ஜெட்டுகள் வந்ததும் பெட்ரோலுக்கு இறங்க வேண்டிய அவசியம் போயிற்று. பிறகு இங்கிருந்தே ஏறும் கூட்டத்தை நம்பிப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2009-லும், லுஃப்தான்சா 2012-லும் கல்கத்தாவை விட்டுப் போயின. விமானம் நிறைந்தால் மட்டும் போதாது. முன்வரிசையில் அதிக விலை கொடுத்து உட்காருபவர்கள் வேண்டும். அவர்கள் இங்கே குறைவு.

வழியில் இறங்குவது செலவும்தான். இறங்குகட்டணம், மறுபடி மேலேறக் கூடுதல் எரிபொருள், ஊழியர்களுக்கு ஹோட்டல். நடுவில் இறங்கிப்போனவர்களின் சீட்டுகளை அங்கேயே விற்றாக வேண்டும். அந்த ஊர்க் கம்பெனி சும்மா இருக்குமா? அதனால் சிங்கப்பூர், பாங்காக், துபாய் கம்பெனிகள் வேறு வழி கண்டன. எல்லா ஊர்க்காரர்களையும் தன் ஊருக்கு அழைத்து வந்து, அங்கே விமானம் மாற்றி அனுப்புவது. கல்கத்தாவிலிருந்து சிங்கப்பூர் வருபவர்களில் சிலர் டோக்கியோவுக்கு, சிலர் சிட்னிக்கு. தனித்தனியே இந்த ஊர்களுக்கெல்லாம் கல்கத்தாவிலிருந்து விமானம் நிறையாது, சேர்த்தால் நிறைந்துவிடுகிறது. நாம் சுற்றிக்கொண்டு போவதன் கணக்கு இதுதான்.

இன்னொன்று. விமானக் கால அட்டவணை வருஷத்துக்கு இரண்டு முறை மாறும்: மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. வழிகளை வெட்டுவதும் ஒட்டுவதும் பெரும்பாலும் அந்த இரண்டு நாட்களை ஒட்டித்தான். கல்கத்தா-குவாங்சோ விமானம் திரும்ப வந்தது 2025 அக்டோபர் 26. பஞ்சாங்கத்தைப் புரட்டினால் அது அக்டோபர் கடைசி ஞாயிறு. மார்ச் முடிவுக்குப் பிறகு பயணம் செய்ய ஜனவரியிலேயே டிக்கெட் வாங்குபவர்கள், ஏப்ரல் நெருங்கும்போது நேரம் மாறியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளவும். விமானத்தையே ரத்து செய்துவிட்டால், மாற்று விமானம் அல்லது முழுப் பணம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கம்பெனி "கிரெடிட்டில் வைத்துக்கொள்கிறோம்" என்றால் உடனே தலையாட்ட வேண்டாம்.

இனி என் தவறு. விலை குறைவாக இருந்ததென்று கல்கத்தா-பாங்காக் ஒரு டிக்கெட், பாங்காக்-குவாங்சோ வேறு கம்பெனியில் வேறு டிக்கெட் என்று வாங்கினேன். இரண்டுக்கும் நடுவே மூன்றரை மணி நேரம். ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டி நேராகக் குவாங்சோவுக்குப் போயிருக்கும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் நீங்கள் இரண்டாவது கம்பெனிக்கு யாரோ ஒரு பயணி. வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. முதல் விமானம் ஒன்றே முக்கால் மணி தாமதம். பெட்டியை எடுக்க வெளியே போக வேண்டும். அதற்குத் தாய்லாந்து விசா வேண்டும். அப்போது இந்தியர்களுக்கு இறங்கியபின் தரும் விசா. அந்த வரிசையில் நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் விமானத்துக்குப் புது டிக்கெட் இரண்டு. மிச்சம் பிடித்ததைப்போல மூன்று மடங்கு.

நேர் விமானம் வந்தபின், 2025 டிசம்பரில் மறுபடி போனோம். இரவு டம்டம்மில் ஏறினோம். என் மனைவி ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் குவாங்சோ வந்துவிட்டது. இரண்டரை வயதுப் பேத்தி விமான நிலையத்துக்கே வந்திருந்தாள். பாட்டியிடம் உடனே ஒட்டிக்கொண்டாள். என்னிடம் வர மூன்று நாள் ஆயிற்று.