எட்டாவது கோட்டை!

வல்லத்தில் எங்கள் தெருவுக்கு முதன்முதலாக வீடியோ கேம் வந்தது 1994-ல். பர்மா பஜாரிலிருந்து மாமா உபயம்! உள்ளே, ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1985-ல் வெளியிட்ட 'சூப்பர் மேரியோ'. எட்டு உலகம், உலகத்துக்கு நாலு கட்டம், ஆக 32. ஏழு கோட்டையைப் பிடித்தாலும் 'இளவரசி இங்கே இல்லை' என்று, அடுத்த கவுண்டருக்கு விரட்டுகிற மாதிரி விரட்டுவார்கள்.

எட்டாவது கோட்டை ஒரே குழாய்க் குழப்பம். வழி தப்பினால் கிளம்பின இடத்துக்கே வந்து நிற்போம். ஒரு ராத்திரி கடைசி ராட்சச ஆமை வரைக்கும் போய்விட்டேன். திடீரென்று இருட்டு!

"ஃபியூஸ் போச்சுடா" என்றார் அப்பா.

கரண்ட் போனால் மறுபடி முதல் கட்டம்தான். அழுதுகொண்டே தூங்கினேன்.

போன மாசம் என் பையன் வாங்கி வந்த மலிவு டி.வி. கேமில் அதே மேரியோ! மூணு ஞாயிற்றுக்கிழமை போராடி, முடித்தே விட்டேன். இளவரசியைப் பார்த்ததும், வயசு நாற்பது தாண்டியது மறந்து குதித்தேன்.

ஈஸிசேரிலிருந்து அப்பா மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு ஃபியூஸ் தானாப் போகலைடா. நான்தான் பிடுங்கினேன். மறுநாள் உனக்குக் கணக்குப் பரீட்சை."

நிஜ ராட்சசன் யாரென்று முப்பது வருஷம் கழித்துத் தெரிந்தது. திட்டலாமென்றால், அந்தப் பரீட்சையில் நான் 91 மார்க்!