ஈரலிலே தோன்றும் நிழல்

ஈரலில் ஏதோ நிழல் தெரிகின்றது என்று வைத்தியர் கூறிய அளவிலே குடும்பம் முழுவதும் கலங்கிவிடுகின்றது. ஆயினும் ஈரலிற் காணப்படும் கட்டிகள் யாவும் புற்றல்ல. நீர்ப்பைகளும் குருதிக்குழாய்க் கட்டிகளும் பெரும்பாலும் ஒரு தீங்குஞ் செய்யாது வாழ்நாள் முழுவதும் இருந்துவிடுவன. இவற்றைப் புற்றினின்றும் பிரித்தறிதலே அரிது.

அதற்கு இன்று பெருந்துணையாவது எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப்படம். 1973ஆம் ஆண்டில் இதற்கு வழிகாட்டிய போல் லோட்டர்பர், பீற்றர் மான்ஸ்பீல்டுடன் 2003இல் நோபல் பரிசு பெற்றார். வலிய காந்தத்தினுள்ளே உடலின் ஐதரசன் அணுக்கருக்கள் விடுக்கும் மெல்லிய வானொலிச் சைகைகளே படமாகின்றன.

கருவி ஒன்றாயினும் முறைகள் பல. ரீ-2 என்னும் முறையிலே நீர்ப்பையும் குருதிக்குழாய்க் கட்டியும் விளக்குப்போல் ஒளிரும். பரவற்படமோ நீரின் அசைவை அளப்பது. புற்றுக்கட்டியிற் கலங்கள் நெருங்கியிருத்தலால், திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்டவர்போல நீர் மூலக்கூறுகள் நகர இடமின்றி நிற்கும். அவ்விடம் வெண்புள்ளியாகத் துலங்கும். சிறு கட்டிகளைக் காண்பதில் ரீ-2 முறையினும் இது வல்லது; ஊசியும் வேண்டியதில்லை. எனினும் இதயத்தை அடுத்த இடப்பாகத்திலே அதன் துடிப்பினாற் படங் கெடுவதுண்டு.

கதோலினிய மருந்தை ஊசியால் ஏற்றி எடுப்பது மற்றொரு முறை. ஈரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்காற்பங்கு குடலிலிருந்து நாளவழியே வருகின்றது. ஈரலிலேயே பிறக்கும் புற்றோ பெரும்பாலும் நாடியின் இரத்தத்தை உண்டே வளரும். ஆகவே மருந்து நாடிவழி வந்தவுடன் அது பளிச்சிட்டு, பின்னர்ச் சுற்றுப்புறத்தினும் மங்கும். ஈரல் வடுப்பட்டுச் சுருங்கியவரிடம் இக்கோலந் தெளிவாகத் தோன்றின், சதை எடுத்துச் சோதியாமலே வைத்தியர் புற்றென முடிவுசெய்வர்.

கதொக்செற்றிக் அமிலம் என்னும் கதோலினிய மருந்தை ஈரற்கலங்கள் தாமே உறிஞ்சுகின்றன. இருபது நிமிடத்தில் ஈரல் வெளுக்க, பெருங்குடலிலிருந்து பரவிய புற்று ஈரற்கலம் இன்மையாற் கரும்புள்ளியாய் நிற்கும். இதனையும் பரவற்படத்தையுஞ் சேர்த்து நோக்கும்போது மிகச் சிறியனவும் அகப்படுகின்றன. ஆனால் நீர்ப்பையுங் கருமையாகவே தெரியுமாதலால், ரீ-2 படத்தை ஒதுக்க முடியாது. நலிந்த ஈரல் மருந்தைச் சரிவர உறிஞ்சுவதுமில்லை.

இவ்வளவு முயற்சியும் எதற்கு? பெருங்குடற் புற்று ஈரலுக்குப் பரவினும், சிலருக்கு அப்பாகங்களை அறுத்தெடுத்து உயிர்காக்க முடிகின்றது. எஞ்சிய ஈரலும் வளரும். கத்தி எடுக்குமுன், கட்டிகள் மூன்றா நான்கா என்பதைச் சத்திரவைத்தியர் அறிந்தாகவேண்டும். நான்காவது கண்ணுக்குத் தப்பினால் அது உள்ளேயே தங்கிவிடும்.