கப்பலேறிய முதுமை

முதுமையில் எங்கே ஒதுங்குவது? மகன் வீட்டிலா, வயோதிபர் இல்லத்திலா? “உல்லாசக் கப்பலில்!” என்றனர் அமெரிக்க வைத்தியர் இருவர். பரிகாசமன்று; லின்ட்குவிஸ்ட், கோலப் எனும் அவ்விருவரும் 2004இல் முதியோர் மருத்துவச் சஞ்சிகையொன்றிற் கணக்கோடு எழுதினர். 20 ஆண்டுகளுக்குப் பராமரிப்பு இல்லத்திற்கு ஏறத்தாழ 2 இலட்சத்து 28 ஆயிரம் டொலர் செலவாகுமாம். கப்பலுக்கோ 2 இலட்சத்து 30 ஆயிரம். அந்த இரண்டாயிரத்துக்கு வேளைதோறும் விருந்து, படுக்கை விரிக்கப் பணியாள், கூப்பிட்ட குரலுக்கு வைத்தியர், மாலையில் நடனம்! இல்லத்துக் கஞ்சியை எண்ணுங்கால், வைத்தியர்களின் கணக்கு எமக்குப் பிடித்தே இருக்கின்றது. ஆயினும் படுக்கையில் வீழ்ந்தோரைக் கப்பல் ஏற்காது.

இதனை வாழ்ந்தே காட்டியவர் பியற்றிஸ் மல்லர் என்ற அமெரிக்க மூதாட்டி. கணவரை இழந்தபின் ‘குயீன் எலிசபெத் 2’ கப்பலிலேயே பல ஆண்டுகள் குடியிருந்தார். வீட்டுவரி இல்லை, புல் வெட்டும் தொல்லை இல்லை. பிள்ளைகள் அவரைக் காண விரும்பின், துறைமுகத்திற்குத்தான் வரவேண்டும்!

விதி வேறுவிதமாக வந்தது. 2008இல் கப்பலுக்கே ஓய்வு கொடுத்துவிட்டனர். தொண்ணூறை நெருங்கிய வயதில் அம்மையார் பெட்டி கட்டிக்கொண்டு கரையில் வீடு தேட நேர்ந்தது. கப்பலோ துபாய் சென்று, 2018இல் தங்கும் விடுதியாயிற்று.